பேனாக் கோடு

இரவு பதினொன்றரைக்கு
கெல்யோன் துறைமுகத்துச் சிறு மருத்துவமனைக்கு
மழையைத் தலையில் சுமந்து வந்தாள்
ஓர்ஃபெலினா மில்லாலோன்கோ.
மட்டி ஆலையில், காலை ஷிஃப்டில்,
உடைந்த ஓட்டின் விளிம்பு கட்டைவிரலைத் திறந்துவிட்டது.
கையுறைக்குள் விரலை ஒளித்துக்கொண்டு
இன்னும் ஆறு மணி நேரம் ஓடு பிரித்திருக்கிறாள்.
கூலி கிலோக் கணக்கில்.

விரல் இப்போது வெந்த உருளைக்கிழங்கு.
சூடு, சிவப்பு, தொடாமலே துடிப்பு.
"அழுகிப்போச்சா?"
இல்லை, சண்டை நடக்கிறது என்றேன்.
"யார் ஜெயிக்கிறது?"
காலையில் தெரியும்.

கழுவினேன். மாத்திரை கொடுத்தேன்.
சிவப்பு முடிகிற இடத்தில்
நீலப் பேனாவால் மணிக்கட்டருகே ஒரு கோடு இழுத்தேன்.
இதைத் தாண்டினால்
ஆம்புலன்சில் காஸ்த்ரோவுக்கு.
தலையாட்டினாள், பெஞ்சில் சாய்ந்தாள்,
கம்பளிப் போர்வை ஈர ஆட்டு வாசனை அடித்தது.

விழித்திருப்பது என் வேலை.
அவளுக்குள்ளும் விழித்திருக்கிறார்கள்.

தோலடியிலேயே குடியிருக்கும் பெருவிழுங்கிகள்
வந்தவனின் பெயர் கேட்பதில்லை.
முகம் பார்ப்பதில்லை.
கையில் ஒரு வால் தட்டுப்பட்டால் போதும்,
கடல்நீரில் நீந்தக் கிருமி சுழற்றுகிற
அந்தப் புரதச் சாட்டை.
அல்லது மேலே போர்த்திய கொழுப்புச் சட்டையின் நெசவு:
நம் உடம்பின் எந்தத் தறியிலும் இல்லாத நெசவு.
கிருமி எத்தனையோ வேடம் கட்டலாம்,
ஆனால் வாலை வீட்டில் வைத்துவிட்டு நீந்த முடியுமா?

உடனே கூச்சல்.
அருகிலிருக்கும் ரத்தக்குழாய்கள் இடுப்புக்கச்சை தளர்த்துகின்றன.
ஓட்டத்தில் போய்க்கொண்டிருந்த வெள்ளணுக்கள்
சுவரில் உரசி, உருண்டு, தயங்கி,
ஒட்டிக்கொண்டு,
கூரை ஓட்டின் இடுக்கில் மழை நுழைவதுபோல்
நுழைகின்றன.
சில விழுங்கும்.
சில, வேறு வழியில்லாதபோது,
தம்மை யாரென்று எழுதிவைத்த நூலையே பிரித்து
வலையாக வீசிவிட்டுச் சாகும்.
இந்தத் தீவில் எல்லோருக்கும் வலை தெரியும்.
இப்படி ஒரு வலையை யாரும் பார்த்ததில்லை.

குறையும் சொல்லவேண்டும்.
கிழிந்த அவளுடைய சொந்தச் செல்களிலிருந்து
இழைமணிகளும் சிந்தியிருக்கும்.
நூறு கோடி ஆண்டுக்கு முன்னே
நுண்ணுயிராய் உள்ளே வந்து, தங்கி,
அடுப்பெரிக்கிற பொறுப்பை ஏற்றுக்கொண்டவை.
இன்றும் வெளியே தலைகாட்டினால்
பேச்சில் பழைய ஊர் வாடை.
காவல் அவற்றையும் சட்டையைப் பிடித்து உலுக்கும்.
வீக்கத்தில் கொஞ்சம் இந்தக் குழப்பமும்தான்.

இவர்களுக்கு ஞாபகம் அதிகமில்லை.
பதிவேடும் கண்ணாடியுமாக நிபுணர்கள்
நாலைந்து நாள் கழித்து வருவார்கள்.
இன்னாரை இன்னாரென்று குறித்துவைப்பார்கள்.
புகழெல்லாம் அவர்களுக்கு.
அதுவரை வீடு நிற்கவேண்டுமே,
அதை யார் பார்ப்பது?

மூன்று மணிக்குக் காய்ச்சல் முப்பத்தெட்டரை.
பல் கிட்டித்தது. இன்னொரு போர்வை போட்டேன்.
ஐந்துக்கு வியர்த்தாள்.
எட்டு மணி வெளிச்சம் சேறு கலந்து வந்தபோது
டார்ச்சை விரலில் அடித்துப் பார்த்தேன்.
சிவப்பு, கோட்டுக்கு உள்ளே
ஓர் அரிசி நீளம் பின்வாங்கியிருந்தது.

காயத்தின் வாயில் மஞ்சளாய் ஒரு சொட்டு.
நேற்று மாலை பிறந்திராத அவசரம்,
இன்று காலைக்குள் முடிந்துபோன ஆயுள்,
ஆயிரக்கணக்கில்.
பஞ்சால் ஒற்றி எடுத்துக் குப்பையில் போட்டேன்.
வேறென்ன செய்வது?

"நம்ம பக்கம்தானா?"
அப்படித்தான் தெரிகிறது.
மாத்திரைக்கும் பங்குண்டு, நிறுத்திவிடாதே.

ஸ்பிரிட் நனைத்த துணியோடு
கோட்டை அழிக்கக் குனிந்தேன்.
கையை இழுத்துக்கொண்டாள்.
"இருக்கட்டும்.
சூபர்வைசருக்குக் காட்டணும்,
நான் ராத்திரி எதுவரைக்கும் போனேன்னு."